பல கட்டடங்கள், ஒரே ஆள்: தில்லிப் பள்ளிகளில் கணினி மாற்றப் புறப்படுவோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து கணினி ஆசிரியராகத் தில்லிக்கு வந்து சேர்பவருக்கு நியமனக் கடிதத்தில் இல்லாத ஒரு வேலை சீக்கிரமே கிடைத்துவிடும். ‘கம்ப்யூட்டர் சார் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்’ என்று முதல்வர் அறையில் யாரோ சொல்லிவைப்பார்கள். அன்றிலிருந்து பழைய கணினிகளை மாற்றுவது, ஸ்மார்ட் போர்டு எரியவில்லை என்ற புகார், பிரிண்டரில் சிக்கிய தாள் எல்லாம் உங்கள் கணக்கு.

ஒரே கட்டடம் என்றால் ஓடி ஓடிச் சமாளிக்கலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மந்திர் மார்க், லோதி எஸ்டேட், பூசா சாலை, மோதி பாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று நகரத்தின் நான்கு மூலையிலும் இருக்கின்றன. அப்படிப் பல வளாகங்கள் கொண்ட எந்த அமைப்பிலும், ஒரு கேபிளை மாற்றப் போய்வருவதற்கே அரை நாள் கரைந்துவிடும். ஆகவே இந்த வேலையில் கணினி அறிவை விட முன்யோசனைதான் அதிகம் தேவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் மாற்றுவது என்பதைக் கணினியின் வயது முடிவுசெய்யக் கூடாது. அதை நம்பி நிற்கும் பாடவேளை முடிவுசெய்ய வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் திரை பத்து நிமிடம் இருண்டுகிடந்தால் கால் பங்கு பாடம் போயிற்று. அலுவலக மூலையில் மாதம் ஒரு முறை திறக்கப்படும் கணினி எவ்வளவு கிழடானாலும் காத்திருக்கலாம்.

முதல் படி: ஒரு சுற்று, ஒரு பதிவேடு

கையில் மடிக்கணினியும் ஒட்டும் லேபிள்களும் எடுத்துக்கொண்டு எல்லாக் கட்டடங்களையும் ஒரு முறை நடந்து பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரை நம்பிக் கிளம்ப வேண்டாம். அதில் இருக்கும் கணினி அறையில் இருக்காது; அறையில் இருக்கும் கணினி அதில் இருக்காது. ஒவ்வொன்றிலும் கட்டடத்தைக் குறிக்கும் எழுத்து, அறை எண், வரிசை எண் கொண்ட லேபிள் ஒட்டுங்கள். தயாரிப்பாளர் தந்த சீரியல் எண், பிராசசரின் தலைமுறை, ரேம் அளவு, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யா, வாங்கிய தேதி, வாரன்டி முடியும் தேதி ஆகியவற்றை ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றுங்கள். பின்னால் எண்ணிக்கை பெருகினால் ஜி.எல்.பி.ஐ. என்ற இலவச மென்பொருளுக்கு மாறலாம். பதிவேடு, புகார்ப் பதிவு இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஸ்பிரெட்ஷீட் தாராளம்.

இயந்திர விவரத்தோடு ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதுங்கள். எந்தப் பாடவேளையில் இதைப் பயன்படுத்துகிறீர்கள்? காலையில் முதலில் திறக்கும் கோப்பு எது? இது ஒரு வாரம் இல்லாவிட்டால் எது நின்றுபோகும்? கடைசிக் கேள்விக்கு ‘ஒன்றும் நிற்காது’ என்று நேர்மையாகச் சொல்பவர்கள் நீங்கள் நினைப்பதை விட அதிகம்.

இரண்டாம் படி: மூன்று குவியல்

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, குறைந்தது 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற சிறு செயலியை ஓட்டினால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். அதை வைத்து உங்கள் பட்டியலை மூன்றாகப் பிரிக்கலாம்.

தேறுபவை முதல் குவியல். இவற்றில் பலவற்றுக்குப் புதுக் கணினியே தேவையில்லை. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கினால், ‘புதிதாக வாங்கினீர்களா சார்?’ என்று ஆசிரியரே கேட்பார். ரேம் வாங்கும் முன் டி.டி.ஆர். 3ஆ 4ஆ என்று மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஒன்று மற்றதன் துளையில் பொருந்தாது.

தேறாதவை, ஆனால் இயங்குபவை இரண்டாம் குவியல். நூலகம், இணையத்தில் மட்டும் வேலை உள்ள மேசை போன்ற இடங்களுக்கு உபுண்டு அல்லது குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போடலாம், கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி வகுப்பு நடத்துகின்றன. ஆனால் ஸ்மார்ட் போர்டு நிறுவனம் தந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால் அந்த வகுப்பறையில் இந்தச் சோதனை வேண்டாம். இன்னும் ஓராண்டு தள்ள வேண்டிய கட்டாயம் இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு ஒரு டாலர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு என்று அறிவித்திருக்கிறார்கள். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்கு வழிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டுக் கணினியில் விளையாடிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல் இருக்கும் கணினியில் வேண்டாம்.

மூன்றாம் குவியல், போக வேண்டியவை. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

பழைய பிரிண்டர், ஸ்கேனருக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று கணினியை மாற்றும் முன்பே பாருங்கள். கணினி புதிது, வினாத்தாள் அச்சாகவில்லை என்றால் பழி உங்கள் மேல்தான்.

மூன்றாம் படி: தமிழாசிரியரின் கணினியைத் தனியே எடுங்கள்

தில்லியில் வேறெந்த வழிகாட்டியும் இதைச் சொல்லாது. நமக்கோ இதுதான் முதல் தலைவலி. தமிழாசிரியரின் கணினியில் பல ஆண்டு வினாத்தாள்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். இந்தப் பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் உண்மையில் பதிந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திருக்குறள் வினா முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ‘என் கோப்பெல்லாம் அழிந்துவிட்டது’ என்று தமிழம்மா பதறுவார். அழியவில்லை. ஆனால் அதை அவர் நம்புவதற்குள் அன்றைய நாள் போய்விடும்.

எனவே பழைய கணினியைத் தொடுவதற்கு முன் அதன் எழுத்துருக் கோப்புறையை முழுவதும் நகலெடுத்து வையுங்கள். புதிதில் அவற்றை நிறுவிய பிறகு, அதிகம் பயன்படும் கோப்புகளை மட்டும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித் தாருங்கள். எல்லாவற்றையும் மாற்றப் புறப்பட்டால் முடியாது. அதற்கான மாற்றி மென்பொருளை ஓட்டும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பாமினிக் கோப்பில் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லோ சூத்திரமோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று எண்ணித் தமிழ்க் குப்பையாக்கிவிடும். ஆகவே பத்தி பத்தியாக மாற்றி, ஆசிரியரையே ஒரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரிகளின் நீளமும் மாறும். இரண்டு பக்க வினாத்தாள் இரண்டே கால் பக்கம் ஆகும்.

யூனிகோடில் அடித்தவர்களுக்கும் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கிறது. பழைய விண்டோஸில் எப்போதும் இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் விருப்ப அம்சங்கள் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்பதைச் சேர்த்தால்தான் வரும். அதுவரை நிர்மலா எழுத்துருவில் கோப்பு திறந்து பக்க அமைப்பு கலைந்து நிற்கும்.

விசைப்பலகையைக் கேட்காமல் எதையும் அமைக்காதீர்கள். ஒருவர் தட்டச்சுப் பள்ளியில் பயின்ற பழைய தட்டச்சு முறையில் அடிப்பார், இன்னொருவர் தமிழ்99 என்ற விசை அமைப்பில், இளையவர் ‘அம்மா’ என்று வர ‘ammaa’ என்று ஆங்கில ஒலிப்பில் அடிப்பார். தமிழ்99 இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது. பழைய தட்டச்சு முறைக்கு என்.எச்.எம். ரைட்டர் போன்ற தனி மென்பொருள் வேண்டும். ஐம்பது வயதில் விரல்களுக்குப் புதுப் பழக்கம் கற்பிக்க நீங்கள் யார்?

இதே கதை இந்தி ஆசிரியர் மேசையிலும் நடக்கும். அங்கே பாமினியின் இடத்தில் கிருதி தேவ் என்ற பழைய எழுத்துரு இருக்கும். தமிழுக்குச் செய்ததை அங்கேயும் செய்துவிடுங்கள். இந்தித் துறையில் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல பெயர் பின்னால் பல இடங்களில் கைகொடுக்கும்.

நான்காம் படி: மின்சாரமும் கம்பியும்

புதுக் கணினி வந்து இறங்கும் முன் அது செருகப்படும் பிளக்கைப் பாருங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் ஏர் கூலரும் கணினியும் ஒரே லைனில் இருக்கும் அறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்; கூலரின் ஈரக்காற்று நேராகக் கணினியின் மேல் வீசினால் அதன் ஆயுளைத் தனியாகக் கணக்கிட வேண்டும். யு.பி.எஸ். பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தாங்கும், தில்லி வெயிலில் அதற்கும் குறைவு. வாங்கிய தேதியைப் பேட்டரியின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். லேசர் பிரிண்டரைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். அதன் சூடாக்கி இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

ஒரு வளாகத்துக்குள் இரண்டு கட்டடங்களை இணைப்பதில்தான் ஒப்பந்தக்காரர்கள் அதிகம் ஏமாற்றுவார்கள். செப்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நம்பத் தகாது. தூரம் குறைவாக இருந்தாலும் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான், அதாவது கண்ணாடி இழைக் கேபிள்தான், போட வேண்டும். இரு கட்டடங்களின் எர்த்திங்கும் ஒரே அளவில் இருக்காது. செப்புக் கம்பி வழியே அந்த வேறுபாடும், மழைக்கால இடியின் தாக்கமும் பயணம் செய்து இரு பக்கமும் நெட்வொர்க் ஸ்விட்சைச் சுட்டுவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. மொட்டை மாடியில் திறந்தபடி கேபிள் போடவும் விடாதீர்கள். மந்திர் மார்க் போல ரிட்ஜ் காட்டை ஒட்டிய பகுதிகளில் குரங்குகளுக்கு அது ஊஞ்சல். குழாய்க்குள் போட்டால் பிழைக்கும்.

சாலைக்கு அப்பால் இருக்கும் கட்டடத்துக்கு ரேடியோ இணைப்பு என்றால், இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்க்க வேண்டும். மரங்கள் இலையுதிர்த்த பருவத்தில் பொருத்திவிட்டு ‘பிரமாதமாக வேலை செய்கிறது’ என்று கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்கள். தளிர் அடர்ந்ததும் வேகம் படுத்துவிடும். இடையில் மரம் இருந்தால் கம்பத்தின் உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஆசிரியர், மாணவர், விருந்தினர் என்று வைஃபையை மூன்றாகப் பிரித்து வைப்பது பாதுகாப்புக்கு மட்டுமன்று. மாணவர், விருந்தினர் பிரிவுகளுக்கு வேக வரம்பும் வைத்துவிட்டால், மாணவர்கள் வீடியோ பார்க்கும்போது பாடம் நடத்தும் ஆசிரியரின் இணைப்பு மூச்சுத் திணறாது.

ஐந்தாம் படி: நாள்காட்டி

தில்லியில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். கணக்கெடுப்பை ஏப்ரலில் முடியுங்கள். மே முதல் வாரத்தில் ஒரே ஒரு கட்டடத்தில் சில ஆசிரியர்களுக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்தச் சிலரில் கணினியை விரும்புபவர்களை விட, எதற்கும் குறை சொல்லும் மூத்த ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். அவர் இரண்டு நாளில் கண்டுபிடிக்கும் குறைகளை ஆர்வக்காரர்கள் இரண்டு மாதத்திலும் சொல்ல மாட்டார்கள்.

பெரிய வேலை கோடை விடுமுறையில். ஆனால் விடுமுறை தொடங்கியதும் நம் ஆசிரியர்களில் பாதிப் பேர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ ஏறியிருப்பார்கள், அலமாரிச் சாவி அவர்களோடு தாம்பரம் போயிருக்கும். சாவி, கோப்புகளின் நகல், அவர் முன்னிலையில் சரிபார்த்த கையெழுத்து ஆகிய மூன்றையும் அவர் ரயிலேறும் முன் வாங்கிவிடுங்கள். கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள், அவரையே உள்ளே நுழைந்து நகலெடுக்கச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் மே மாதத்தில் இரண்டாம் தேர்வும் நடத்துகிறது. தேர்வு மையமாக உள்ள கட்டடத்தின் அலுவலகக் கணினிகளை அது முடியும்வரை தொடாதீர்கள்.

எஞ்சியது எதுவானாலும் தீபாவளிக்கு முன் முடிய வேண்டும். அதன் பிறகு காற்று மாசு எந்த நாளில் பள்ளியை மூடும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பரில் நடந்தது போல, ஒரே இரவில் வகுப்புகள் இணையத்துக்கு மாறும். அன்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் கேமராவும் மைக்கும் வேலை செய்ய வேண்டும். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடும் ஒத்திகை வைத்தால் அன்றே பாதிக் கோளாறுகள் வெளியே வந்துவிடும். ஜனவரியில் செய்முறைத் தேர்வு, பிப்ரவரியில் பொதுத் தேர்வு. அந்த மாதங்களில் பழுது மட்டும் பாருங்கள், மாற்றம் எதுவும் கூடாது.

ஆறாம் படி: மாற்றும் நாள்

கோப்புகளை இரண்டு இடத்தில் நகலெடுங்கள்: ஒன்று வெளி டிஸ்க், மற்றொன்று பள்ளிக் கணக்கின் கிளவுட். டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பதைத்தான் ஆசிரியர் முதலில் தேடுவார். ‘ஒழுங்குபடுத்துகிறேன்’ என்று அதில் கைவைக்காதீர்கள். இருந்த இடத்தில் இருந்தபடி வந்து சேரட்டும். பழைய டிஸ்க்கை லேபிளோடு ஒரு பருவம் முழுவதும் பூட்டி வையுங்கள். ஆகஸ்டில் யாராவது ‘போன வருடக் கலைவிழாப் படங்கள்’ என்று வருவார்.

ஒவ்வொருவருக்கும் சொந்தக் கணக்கு, நிர்வாகி உரிமை இல்லாமல். ஸ்மார்ட் போர்டில் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு மூடாமல் போகும் பழக்கத்தைப் பற்றி மட்டும் நேரில் ஒவ்வொருவரிடமும் பேசுங்கள். அடுத்த பாடவேளையில் அந்த அறையில் உட்கார்ந்திருப்பது ஒன்பதாம் வகுப்பு. மதிப்பெண் பட்டியல் ஒரே தொடுகை தூரத்தில்.

ஏழாம் படி: அன்றாட உதவி

தாழ்வாரத்தில் நடக்கும்போது கையைப் பிடித்துச் சொல்லும் புகார்களை அன்போடு கேட்டுவிட்டு, ‘மேடம், படிவத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் நான் மறந்துவிடுவேன்’ என்று சொல்லப் பழகுங்கள். அந்தப் புகார்ப் படிவத்தில் அறை லேபிள், என்ன நடக்கிறது, இப்போது வகுப்பு நடக்கிறதா என்ற மூன்று கட்டங்கள் போதும். மூன்றாவது கட்டத்தில் ‘ஆம்’ என்றால் அது எல்லாவற்றுக்கும் முந்தும், முதல்வரின் பிரிண்டர் உட்பட. இந்த விதிக்கு முதல்வரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு கட்டடத்திலும் ஓர் ஆசிரியரை உதவியாளராகப் பிடியுங்கள், அவருக்கு வாரம் இரண்டு பாடவேளை குறைத்துத் தரச் சொல்லுங்கள். பாடவேளை குறைக்காமல் ‘தன்னார்வமாக’ என்று கேட்டால் தீபாவளி வரைதான் ஓடும். அவரிடம் ஒரு பெட்டி இருக்கட்டும்: எச்.டி.எம்.ஐ. கேபிள், யு.எஸ்.பி. கேபிள், மவுஸ், கீபோர்டு, ரிமோட்டுக்கு பேட்டரி, சி.ஆர். 2032 நாணய பேட்டரி, பென்சில் ரப்பர்.

பெட்டியில் இருப்பது ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஸ்மார்ட் போர்டில் படம் வருகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை என்றால் படத்துக்கு ஒரு கேபிள், தொடுதலுக்கு ஒரு யு.எஸ்.பி. கேபிள் என்பதை நினையுங்கள்; இரண்டாவது கழன்றிருக்கும். திரையே கறுப்பு என்றால் போர்டில் இன்புட் மாறியிருக்கிறதா பாருங்கள். ‘இன்டர்நெட் வரவில்லை, எல்லாத் தளமும் பாதுகாப்பற்றது என்கிறது’ என்றால் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்று காட்டினால் மதர்போர்டின் நாணய பேட்டரி செத்துவிட்டது. சில பத்து ரூபாயில் தீரும். கணினி பீப் பீப் என்று கத்தி நிற்கிறதா? மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகுங்கள். புழுதிக்காற்று அடிக்கும் மே, ஜூன் மாதங்களுக்குப் பின் இது அடிக்கடி பலிக்கும். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியையும் அப்போதே சுத்தம் செய்யுங்கள். புளோயரால் தூசி ஊதும்போது உள்ளிருக்கும் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறித்தனமாகச் சுற்றவிட்டால் பழுதாகும்.

தொலைவிலிருந்தே தீர்க்கக்கூடியதற்கு விண்டோஸில் உள்ள குயிக் அசிஸ்ட் போதும். ஜனக்புரிக்குப் போய்வரும் நேரத்தில் அப்படி எத்தனையோ முடித்துவிடலாம்.

வாங்குவது, பராமரிப்பு ஒப்பந்தம்

கணினிச் சந்தையான நேரு பிளேஸ் பக்கம் போகாமல் தில்லியில் இந்த வேலையைச் செய்ய முடியாது. கேபிள், எஸ்.எஸ்.டி., பேட்டரி போன்றவற்றை அங்கே ஜி.எஸ்.டி. ரசீதோடு வாங்குங்கள், ரசீது இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாரன்டியும் இருக்காது. கணினிகளை மட்டும் மூன்று ஆண்டு, இடத்துக்கே வந்து பார்க்கும் வாரன்டியோடு வாங்க வேண்டும். ‘நீங்களே கொண்டுவாருங்கள்’ வாரன்டி என்றால் ஆட்டோவில் கணினியைச் சுமப்பவர் நீங்கள். ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிபாகம் சேருமா, பேட்டரி சேருமா, எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், எல்லா முகவரிகளும் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். முகவரி ஒன்றுதான் இருந்தால் மற்றக் கட்டடங்களுக்கு வர மறுப்பார்கள்.

போக வேண்டியவை

மூன்றாம் குவியலைக் கபாடிக்காரரிடம், அதாவது தில்லியின் பழைய சாமான் வியாபாரியிடம், எடைக்குப் போடாதீர்கள். அது சீலம்பூர் போன்ற இடங்களுக்குப் போய், கம்பி எரிக்கப்பட்டு, பலகை அமிலத்தில் கழுவப்படும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதற்கு முன் டிஸ்க்கை முழுமையாக மேலெழுதி அழிக்க வேண்டும்; இயங்காத டிஸ்க் என்றால் துளை போடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர் எல்லோரும் குழந்தைகளே. அந்த டிஸ்க்கில் இருப்பதோ முழுவதும் குழந்தைகளின் பெயர், முகவரி, மதிப்பெண்.

மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழின் நகலை ஸ்டாக் ரிஜிஸ்டரில் கழிவுப் பதிவோடு ஒட்டி, பழைய பொருளைக் கழிக்க ஒப்புதல் தரும் பள்ளிக் குழு உறுப்பினர்களின் கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். யு.பி.எஸ். பேட்டரிகளுக்கு விதி தனி: புதியதை வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார். கழித்த தொகை ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தணிக்கையாளர் கேட்பார்.